தேயிலைப் பெட்டித் தாளில் சுற்றிய கண்டன்சர்

கண்டன்சர் என்ற பொருளை நான் முதலில் தெரிந்துகொண்டது என் விரல் நுனியால்தான்.

கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பஞ்சு மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. முன்னறை கடை, பின்னால் இரண்டு அறைகள் குடித்தனம். என் வீட்டுக்காரர் வீடுகளுக்கு ஒயரிங் செய்வார், கிராமபோனும் ரேடியோவும் பழுது பார்ப்பார். ஊரில் ரேடியோ வைத்திருந்தவர்கள் மில் முதலாளிகளும் நாலைந்து பெரிய வீட்டுக்காரர்களும்தான். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் எங்கே ஒரு ரேடியோ வாயடைத்துப் போனாலும் அது எங்கள் மேசைக்குத்தான் வரும்.

அன்று காலை அவர் வெளியே போயிருந்தார். மேசைமேல் ஒரு ரேடியோ வயிறு திறந்து கிடந்தது. பிளக் தரையில் கிடப்பதைப் பார்த்த தைரியத்தில், தூசி தட்டுவோம் என்று துணியோடு கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. நான் சுவரோடு போய் மோதிக்கொண்டேன்.

அவர் வந்தபோதும் நான் கையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"உள்ள கையை விட்டியா?" என்று கேட்டார்.

"விட்டேன். பிளக்கு கீழதானே கெடக்கு. கரண்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் திட்டவில்லை. மரப்பிடி போட்ட திருப்புளியை எடுத்து, ரேடியோவுக்குள் நான் தொடாத இன்னொரு உருளையின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே வைத்தார். 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு நீலப் பொறி. திருப்புளியின் நுனி கொஞ்சம் கருகியிருந்தது.

"இதான் கண்டன்சர். கரண்டை வாங்கி உள்ளயே வச்சுக்கிடும். நாம சுவிட்சை அமத்துனாலும் அது விடாது. இப்பத் தொடு, ஒண்ணும் செய்யாது."

"நீங்க தொடுங்க மொதல்ல," என்றேன். தொட்டுக் காட்டினார்.

இதோடு விட்டிருந்தால் எனக்கு அது ஒரு பயமாக மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் என்னை அடித்தது எதுவென்று தெரியாமல் என்னால் சோறு தின்ன முடியவில்லை. அன்று மத்தியானம் இலை போட்டதும் அதையே மறுபடி கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "பஞ்சுப் பொதி அமுக்குத பிரஸ்ஸைப் பாத்திருக்கியா?" என்றார்.

அந்த ஊரில் அதைப் பார்க்காதவர் உண்டா? எங்கள் தெரு முனையிலேயே ஒன்று இருந்தது.

"மொதல்ல பஞ்சு பொதபொதன்னு எறங்கும். பாதி அமுங்குனதும் எதுத்துத் தள்ள ஆரம்பிக்கும். பொறவு எம்புட்டு அமுக்குனாலும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் எறங்கும். கடைசியில, அமுக்குத பலமும் எதுத்துத் தள்ளுத பலமும் சரிக்குச் சரியா நின்னுரும். அதுக்கு மேல ஒரு பிடி பஞ்சு போகாது. கண்டன்சருக்குள்ள கரண்டு ஏறுததும் இப்படித்தான். மொதல்ல வேகமா, போகப்போக மெதுவா."

"பொதியோட இரும்புப் பட்டையை வெட்டுனா டபார்னு விரியுமே?"

"அதான் ஒன் கையில விரிஞ்சுது."

நான் சிரித்துவிட்டேன். பிறகு அவர் ஒரு பழைய கண்டன்சரை அறுத்துக் காட்டினார். உள்ளே பெரிய மாயம் ஒன்றுமில்லை. இரண்டு நீள உலோகத் தாள்கள், நடுவே மெழுகில் ஊறிய காகிதம், எல்லாம் சேர்த்துப் பாய் சுருட்டுவது போல் சுருட்டியிருந்தது. மின்சாரம் காகிதத்தைத் தாண்டாது. ஒரு தாளில் அது குவியும், எதிர்த்தாளில் அந்த அளவுக்குக் குறையும். இரண்டும் சமமாக வேண்டும் என்று தவித்துக்கொண்டிருக்கும். இரண்டு முனையையும் வெறும் கம்பியால் சேர்த்தால் ஒரே நொடியில் பொறியோடு தீர்ந்துவிடும். நடுவே ரெசிஸ்டன்ஸ் என்று ஒரு குச்சியை வைத்தால் அதன் வழியே மெதுவாக வடியும்; அப்போதும் முதலில் வேகமாகவும் வர வரத் தளர்ந்தும்தான் வடியும். ரேடியோவில் பல்பு மாதிரி ஒளிரும் வால்வு மின்சாரத்தை விட்டு விட்டுத்தான் தரும். தரும்போது கண்டன்சர் வாங்கி வைத்துக்கொள்ளும், தராத இடைவெளியில் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும். அதனால்தான் பாட்டு அறுபடாமல் வருகிறது. கண்டன்சர் கெட்டால் பாட்டுக்குப் பதில் வண்டு இரைவது மாதிரி ஒரு இரைச்சல்தான் வரும்.

அந்த வாரமே திருப்புளிப் பொறியை நானே வைத்துப் பார்த்துப் பழகிவிட்டேன். என்னை அடித்ததை நான் அடக்கியதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, மறைப்பானேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மிஷன் போர்டிங்கில் படித்தபோது லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். மெல்லிய நூலை ஒரே இழுவையில், ஒரே இறுக்கத்தில் மணிக்கணக்காகப் பின்ன வேண்டும். ஒரு முடிச்சு தளர்ந்தாலும் முழுவதும் கோணிவிடும். எங்கள் வகுப்பில் என் லேஸ்தான் சீமைக்குப் போகும் பெட்டியில் முதலில் வைக்கப்படும். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கைவேலைக்கு வேலையில்லாமல் போயிருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு சாமான்கள் வருவது சுத்தமாக நின்றது. மதுரைக் கடைகளில் கேட்டால், "கப்பல் வந்தாத்தான்" என்றார்கள். கெட்டுப்போன ரேடியோக்கள் எங்கள் முன்னறையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. பெரும்பாலானவற்றுக்கு நோய் ஒன்றுதான், கண்டன்சர். எங்கள் சொந்த ரேடியோவிலிருந்ததையும் என் வீட்டுக்காரர் கழற்றி மில் ஆஸ்பத்திரி ரேடியோவுக்குக் கொடுத்துவிட்டார். ஊரெல்லாம் செய்திக்கு அலைந்த நேரத்தில் ரேடியோக்காரர் வீடு ஊமையாகக் கிடந்தது.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாய் வந்தார். அங்கே கோர்ட்டுக்குப் போகும் வழியில் தேயிலையும் மளிகையும் விற்கும் கடை வைத்திருந்தவர் அவர். என் வீட்டுக்காரருக்குப் பழைய சிநேகிதர், என்னைத் தங்கச்சி என்பார். அவர் கடைக்கு எதிரே ஒரு வாசகசாலை. அதன் ரேடியோவைச் சாயங்காலம் ஜன்னலில் திருப்பி வைப்பார்கள். ஆண்கள் உள்ளேயும், பெண்கள் தெருவிலும் நின்று செய்தி கேட்பார்கள். ரங்கூனிலும் மலேயாவிலும் பிழைக்கப் போனவர்களின் குடும்பங்கள் அந்தத் தெருக்களில் நிறைய இருந்தன. பாயின் தம்பியும் ரங்கூனில் கடை வைத்திருந்தார். குண்டு விழுந்ததிலிருந்து கடிதம் இல்லை.

"ரேடியோ நின்னு போச்சு," என்றார் பாய். "அதுல தம்பி பேரு வரப்போறதில்ல, எனக்கே தெரியும். ஆனா ரோடு தெறந்திருக்கா, கப்பல் வருதான்னாவது தெரியும்லா? தம்பி சம்சாரம் சாயங்காலமானா வந்து அந்த ஜன்னலையே பாத்துக்கிட்டு நிக்கா. ஒண்ணும் பேசாத ஜன்னலை."

என் வீட்டுக்காரர் கையை விரித்தார். "கண்டன்சர் போயிருக்கும் பாய். எங்கயும் இல்ல. நான் எங்க போவேன்?"

நான் கதவருகே நின்றிருந்தேன். "நாமளே சுத்திப் பாத்தா என்ன?" என்றேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உள்ள என்ன இருக்குன்னுதான் அறுத்துக் காட்டுனீயளே. தகடும் காயிதமும் மெழுகுந்தானே?"

"சொல்லப்போனா அம்புட்டுத்தான்," என்றார் என் வீட்டுக்காரர். "ஆனா கம்பெனிக்காரன் அதை மெஷின்ல சுத்துதான்."

பாய் மட்டும் கேட்டார்: "எந்தத் தகடு வேணும் தங்கச்சி?"

அவர் கடையில் தேயிலை வந்து இறங்கும் மரப்பெட்டிகளின் உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும். நமத்துப் போகாமல் இருப்பதற்காக. மறு பஸ்ஸில் ஒரு கட்டு ஈயத்தாள் வந்து சேர்ந்தது. வீடெல்லாம் தேயிலை மணந்தது.

காகிதம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மெல்லியதாக, ஓட்டை இல்லாததாக வேண்டும். என் வீட்டுக்காரர் அலமாரியைப் பார்த்தபடி, "வேதப்புஸ்தகத் தாளு சரியா இருக்கும்," என்றார். நான் பார்த்த பார்வையில் உடனே, "சும்மா சொன்னேன்," என்றார். கடைசியில் வளையல் கடையில் கண்ணாடி வளையல்களுக்கு நடுவே வைத்து வரும் மெல்லிய வெள்ளைத்தாள் கிடைத்தது. மெழுகு செண்பகத்தோப்பிலிருந்து வந்தது. மலையடிவாரத்தில் தேன் எடுப்பவர்கள் பிழிந்த தேன்கூட்டை உருக்கி அச்சாக விற்பார்கள்.

முதல் கண்டன்சரை என் வீட்டுக்காரர்தான் சுற்றினார். அவர் விரல்கள் வால்வு மாற்றுவதற்கும் ஈயம் பற்றவைப்பதற்கும் பிறந்தவை. தாளைச் சுற்றச் சுற்ற அது ஒரு பக்கமாக ஏறியது. நடுவில் மடிப்பு விழுந்தது. முடிக்கும்போது அது கூம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"தள்ளுங்க," என்றேன்.

என் பழைய லேஸ் தலையணையை மடியில் வைத்தேன். ஒரு பின்னல் ஊசியை நடுவே குத்தி, அதைச் சுற்றி ஈயத்தாள், மூன்று வளையல் தாள், மறுபடி ஈயத்தாள், மறுபடி மூன்று என்று வைத்துச் சுற்றத் தொடங்கினேன். கை தன் பழைய வேலையை உடனே அடையாளம் கண்டுகொண்டது. ஒரே இறுக்கம், ஒரே நேர்க்கோடு. சுற்றி முடித்தபோது ஒரு சோளக்கதிர் அளவுக்கு வந்தது. கொதிக்கும் தேன்மெழுகில் அதை முக்கி எடுத்தோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரப் பெண் என்னை 'வதினா' என்பாள், தெலுங்கில் அண்ணி என்று அர்த்தம். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "பலகாரமா வதினா?" என்று கேட்டாள்.

சோதனை இப்படி. முதலில் கண்டன்சருக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். பிறகு கம்பியை எடுத்துவிட்டுச் சும்மா வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்புளியைக் குறுக்கே வைத்தால் பெரிய பொறி வந்தால் நல்லது, உள்ளதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று அர்த்தம். பொறி வராவிட்டால் உள்ளுக்குள்ளேயே காகிதத்தின் வழியாக ஒழுகிப் போய்விட்டது என்று அர்த்தம்.

என்னுடைய முதல் கண்டன்சருக்கு மின்சாரம் ஏற்றி, பரமண்டல ஜெபம் சொல்லும் நேரம் காத்திருந்தோம். திருப்புளியை வைத்தார். ஒன்றுமில்லை. சும்மா இரும்பில் இரும்பு பட்ட சத்தம்.

"ஒழுகுது," என்றார். "காயிதத்துல ஈரம்."

அடுத்ததைச் சுற்றுவதற்கு முன் தாள்களை வெயிலில் காயவைத்தேன். அது முதலாவதைவிட நன்றாக இருந்தது. ஆனால் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பட்டாசு மாதிரி வெடித்து, ஒரு பக்கம் கருகிப் புகைந்தது. பிரித்துப் பார்த்தோம். காகிதத்தில் ஊசி முனை அளவு ஓட்டை. அதன் நடுவில் ஒரு துணுக்குத் தேயிலை. ஈயத்தாளில் ஒட்டியிருந்த தேயிலைத் தூள், இறுக்கிச் சுற்றும்போது காகிதத்தைத் துளைத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்தத் தேயிலையை விரலில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பாயோட தேயிலை ஸ்ட்ராங்குதான்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் முழுவதும் சுற்றியது வீணாகியிருந்தது. அன்று ஞாயிறு சபைக்கு உடுத்தும் சேலையைத் தேய்ப்பதற்காக இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டேன். தேய்க்கும்போது சேலையிலிருந்து ஆவி எழுந்தது. கொடியில் காய்ந்து மொரமொரப்பாக இருந்த சேலைதான். வெயிலில் காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருக்கிறது, சூடு பட்டால்தான் அது வெளியே வருகிறது. இதை லேஸ் காலத்திலிருந்தே நான் அறிவேன். ஈரம் போகத் தேய்க்காத லேஸ் பெட்டிக்குள் மஞ்சளித்துவிடும். சேலையை அப்படியே போட்டுவிட்டு வளையல் தாள்களை எடுத்துவந்தேன்.

ஒவ்வொரு தாளையும் துணிக்கு அடியில் வைத்து இஸ்திரி போட்டேன். சூடு ஆறுவதற்குள் உருகிய மெழுகில் நனைத்தேன். ஈயத்தாள் ஒவ்வொன்றையும் மஸ்லின் துணியால் இரண்டு பக்கமும் துடைத்தேன். அதன் ஓரங்களைச் சிறு சிரட்டையால் தேய்த்து மழுக்கினேன். இந்த வேலைக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். தெலுங்கில் ஏதோ பாடிக்கொண்டே துடைத்தாள். ஒரு துணுக்குத் தேயிலையைக்கூட அவள் கண் விடவில்லை.

அப்படிச் சுற்றிய கண்டன்சருக்கு மின்சாரம் ஏற்றினோம். வெடிக்கவில்லை. ஒதுக்கி வைத்தோம். நான் உலை வைத்துச் சோறு வடித்தேன், குழம்பு இறக்கினேன். பிறகு, "இப்பப் பாருங்க," என்றேன்.

"இம்புட்டு நேரம் எங்க நிக்கப் போவுது," என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் திருப்புளியை வைத்தார்.

அவர் கை பின்னால் போனது. பொறி அப்படி இருந்தது. பக்கத்து வீட்டு அடுப்படி வரை சத்தம் கேட்டு, அந்தப் பெண் ஓடி வந்தாள். என் வீட்டுக்காரர் கருகிய திருப்புளி நுனியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏட்டி," என்றார். அந்த ஒரு 'ஏட்டி'யை நான் இன்றுவரை வைத்திருக்கிறேன்.

கம்பெனிக் கண்டன்சர் கொள்ளும் அளவில் சிறு பங்குதான் எங்களுடையது கொள்ளும். அதனால் இன்னும் மூன்று சுற்றினேன். நாலையும் பக்கம் பக்கமாக இணைத்து ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சேலையில் சுற்றி, கரியை எரித்து ஓடும் அந்த யுத்தகால பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். பஸ் மேட்டில் ஏற முடியாமல் நின்றபோது ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நான் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

வாசகசாலைக்குள் அதுவரை பெண்கள் போனதில்லை. தடை என்று யாரும் போட்டதில்லை, போனதில்லை, அவ்வளவுதான். அதை நடத்தியவர் ஒரு வக்கீல். வாசலில் எங்களைப் பார்த்ததும், "அம்மா பாய் வீட்டுல இருக்கட்டுமே, செத்த நேரம்தானே," என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

"கண்டன்சரைச் சுத்துனது அவதான் சார்," என்றார் என் வீட்டுக்காரர். "ஏதாவது கோளாறுன்னா அவளைத்தான் கேக்கணும்."

வக்கீல் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்களிடம் திரும்பி, "ஒரு நாற்காலி விடுங்க," என்றார்.

என் வீட்டுக்காரர் பழையதை வெட்டி எடுத்து, எங்கள் பெட்டியிலிருந்து வந்த கம்பிகளைப் பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டார். வால்வு சிவக்கும்வரை காத்திருந்தோம். முதலில் அந்த வண்டு இரைச்சல் வந்தது. பாயின் முகம் வாடியது. என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, ஒரு கண்டன்சரின் கம்பி சரியாகப் பற்றவில்லை என்றார். சுவிட்சை அணைத்துத் திருப்புளியால் பொறியைத் தீர்த்துவிட்டு, மறுபடி பற்றவைத்தார். இந்த முறை இரைச்சல் அடங்கி, தூரத்து ஆற்றுச் சத்தம் மாதிரி கொஞ்சமாக மிஞ்சியது. அதன்மேல் ஒரு நாதஸ்வரம் தெளிவாக எழுந்தது.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் தெரு நிறைந்துவிட்டது. நான் பெண்களோடு போய் நின்றுகொண்டேன். பாயின் தம்பி மனைவி எனக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டபடி நின்றாள், இடுப்பில் ஒரு குழந்தை. செய்தி தொடங்கியது. எங்கெங்கோ சண்டை, எங்கெங்கோ பின்வாங்கல். பர்மாவிலிருந்து ஜனங்கள் மலைவழியாக நடந்து அஸ்ஸாமுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வரி வந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"நடந்து வாராகன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா. நடந்து வாராகன்னுதான் சொன்னாங்க."

"அவிய நல்லா நடப்பாக," என்றாள்.

பாயின் தம்பி நடந்துதான் வந்தார். அந்த வருஷம் மழை பிடித்த பிறகு, எலும்பும் தோலுமாக, காலில் ஆறாத புண்ணோடு பாய் கடை வாசலில் வந்து நின்றார். ரேடியோவுக்கும் அவர் உயிரோடு வந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை மாதமும் அவள் பேசுகிற ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். அதற்கு நான் காரணம் என்று நினைக்கும்போதெல்லாம் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

அதன் பிறகு எங்கள் பின்னறை கண்டன்சர் பட்டறையாகிவிட்டது. முன்னறையில் குவிந்துகிடந்த ரேடியோக்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்து வீடு திரும்பின. பெரியதைச் சுற்ற நான், துடைக்கவும் தேய்க்கவும் பக்கத்து வீட்டுப் பெண். போகப்போக அவளும் சுற்றக் கற்றாள். சிறியவை அவளுக்கு என்னைவிட நன்றாக வந்தன. மழைக்காலத்தில் எவ்வளவு இஸ்திரி போட்டாலும் சில ஒழுகத்தான் செய்தன. அவற்றைப் பிரித்து, தாளை மாற்றி மறுபடி சுற்றினோம். ஒழுகுவதை ஒருநாளும் ஒரு வீட்டுக்கும் கொடுத்ததில்லை. மதுரையிலிருந்து ஒரு ரேடியோக் கடைக்காரர் வந்து எங்கள் கண்டன்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "தேனும் டீயும் மணக்குதே, இது எந்த ஊர்ச் சரக்கு?" என்றார். "ராஜபாளையம் சரக்கு," என்றார் என் வீட்டுக்காரர், மில் நூலைச் சொல்வது போல.

யுத்தம் முடியப் போகிற சமயத்தில் அவருக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வந்து உலுக்கும். அப்படி அவர் போர்த்திப் படுத்திருந்த ஒரு காலையில் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு வில்வண்டி வந்தது. அங்கே ஒரு பண்ணை வீட்டில் ரேடியோ கரகரவென்று குழறுகிறது. அந்த வீட்டு மகன் பட்டாளத்தில் இருக்கிறான். உடனே வரவேண்டும் என்றான் வண்டிக்காரன்.

"நாளைக்குக் காய்ச்சல் விட்டுரும், வாரேன்னு சொல்லு," என்று போர்வைக்குள்ளிருந்து முனகினார்.

"நான் போயிட்டு வாரேன்," என்றேன்.

போர்வை விலகியது. என்னைப் பார்த்தார். "திருப்புளி மேசையில இருக்கு. மரப்பிடி போட்டதை எடு," என்றார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பண்ணை வீட்டு வாசலில் நின்ற பெரியவர் எங்களைத் தாண்டி வண்டிக்குள் பார்த்தார். "ரேடியோக்காரரு வரலையா?"

"அவியளுக்குக் காய்ச்சல். நான் அவிய சம்சாரம். நான் பாப்பேன்."

அவர் தாடையைத் தடவினார். "பாருங்க," என்றார். குரலில் நம்பிக்கையும் இல்லை, இளக்காரமும் இல்லை. மகனைப் பற்றிய கவலை மட்டும் இருந்தது.

ரேடியோவைத் திறந்தேன். பிளக்கைப் பிடுங்கி, பொறியைத் தீர்த்தேன். 'டப்' என்றதும் கூடத்தில் நின்ற ஆண்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஒவ்வொரு கண்டன்சராக ஒரு முனையைக் கழற்றி, மின்சாரம் ஏற்றி, காத்திருந்து, பொறி பார்த்தேன். பெரியவை எல்லாம் நன்றாக இருந்தன. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு ஒலியைக் கடத்திவிடும் சின்னது ஒன்று பொறியே காட்டவில்லை. ஒழுகிக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோயிருந்த சிறியவற்றில், பக்கத்து வீட்டுப் பெண் சுற்றியதையே எடுத்துப் பற்றவைத்தேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரேடியோ தெளிவாகப் பேசியது. பெரியவர் அதன் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காப்பி வந்தது. தம்ளரைக் கொண்டுவந்த அந்த வீட்டம்மா திரும்பிப் போகவில்லை. அவளுக்குப் பின்னால் நிலைப்படியில் இன்னும் நாலைந்து பெண்கள்.

"அந்தப் பொறி எங்கேர்ந்து வருது?" என்று கேட்டாள். "பிளக்கு கீழ கெடந்துச்சே. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வாங்க, காட்டுதேன்," என்றேன்.

அவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உதிரியாக இருந்த ஒரு கண்டன்சருக்கு மின்சாரம் ஏற்றி, பொறியைக் காட்டினேன். மறுபடி ஏற்றி, ரெசிஸ்டன்ஸ் குச்சி வழியாகக் கொஞ்ச நேரம் வடியவிட்டுப் பொறியைக் காட்டினேன், சிறியதாக வந்தது. இன்னும் அதிக நேரம் வடியவிட்டுக் காட்டினேன், வரவேயில்லை. "வெளியே போக வழி பெருசா இருந்தா ஒரே போக்கா போயிரும். வழி ஒடுக்கமா இருந்தா மெதுவாப் போகும், போகப்போக இன்னும் மெதுவா," என்றேன். வீட்டம்மா தானே திருப்புளியை வாங்கி வைத்துப் பார்த்தாள். பொறி வந்ததும் கையை உதறவில்லை. "இன்னொருக்க," என்றாள்.

வண்டியில் எங்களை ஏற்றிவிடும்போது பெரியவர் வண்டிக்காரனிடம் சொன்னார்: "ரேடியோக்காரம்மாவைப் பதனமாக் கொண்டுபோய் விடு."

ரேடியோக்காரர் சம்சாரம் என்று சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் என் விலாவில் முழங்கையால் இடித்தாள். வழியெல்லாம் அவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தான் சுற்றியது அந்த வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவளுக்கு.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரருக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன கோளாறு?" என்றார்.

சொன்னேன். எதை எந்த வரிசையில் பார்த்தேன், எது ஒழுகியது, எதைப் போட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் தலையை ஆட்டினார்.

"நான் போயிருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்," என்றார். பிறகு, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் தூங்கிப் போனார். நான் முன்னறைக்குப் போய் அடுத்த ரேடியோவைத் திறந்தேன்.